ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ்

ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் (ஆகஸ்ட் 23, 1842 – பெப்ரவரி 21, 1912) அயர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பொறியியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் 37 ஆண்டுகள் பொறியியல் பேராசிரியராகப் பணியாற்றினார். குழாயில் ஓடும் பாய்மம் எப்பொழுது சீராக ஓடும், எப்பொழுது கொந்தளித்து ஓடும் என்பதை 1883 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின் மூலம் வரையறுத்தார். அவ்வெல்லையைக் குறிக்கும் எண் அவர் பெயராலேயே ரெனால்ட்ஸ் எண் என்று அழைக்கப்படுகிறது. (நீர்மம், வளிமம் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பாய்மம் என்பர்.)

ஓட்டத்துக்கு ஏற்ற குழாய் விட்டம் எது என்னும் கேள்வி குடிநீர்க் குழாய் முதல் டர்போசார்ஜர் பொருத்திய மகிழுந்தின் இன்டர்கூலர் குழாய் வரை எங்கும் எழுவது. அதற்கு விடை காணும் கணக்கு எதுவும் இவருடைய எண்ணைத் தொடாமல் செல்வதில்லை. இவர் மோட்டார் வாகனங்களைப் பற்றி ஆராய்ந்தவர் அல்லர். எனினும் டர்போசார்ஜரின் தாங்கி, அழுத்தி, குளிர்விப்பான், குழாய் ஆகிய நான்கிலும் இவருடைய ஆய்வுகள் வந்து சேர்வதால் அப்பயன்பாடு இக்கட்டுரையின் இறுதியில் சற்று விரிவாகவே தரப்பட்டுள்ளது.

இளமையும் கல்வியும்

ரெனால்ட்ஸ் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தையின் பெயரும் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்பதே. அவர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற சமயகுரு. பள்ளித் தலைமையாசிரியராகவும் இருந்தார். வேளாண் கருவிகளில் செய்த மேம்பாடுகளுக்குக் காப்புரிமை பெற்றவர் என்பதால், இயந்திரங்களில் மகனுக்கு உண்டான நாட்டம் வீட்டிலேயே தொடங்கியது எனலாம். குடும்பம் பின்னர் இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்திலுள்ள டெடம் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஒஸ்போர்னின் தொடக்கக் கல்வி தந்தையிடமே நடந்தது.

1861 ஆம் ஆண்டு, தம் 19 ஆம் அகவையில், ஸ்டோனி ஸ்ட்ராட்போர்டு என்னும் ஊரில் எட்வர்டு ஹேய்ஸ் என்பவரின் இயந்திரப் பட்டறையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன்னர்ப் பட்டறைக்குப் போனது அக்காலத்தில் வழக்கமான வரிசை அன்று. இயந்திரங்களின் இயக்கத்தை விளங்கிக்கொள்ளக் கணிதம் தேவை என்பதை அங்குதான் உணர்ந்தார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் குயீன்ஸ் கல்லூரியில் பயின்று 1867 இல் கணிதச் சிறப்புத் தேர்வில் ஏழாமிடம் பெற்றுப் பட்டம் பெற்றார். சிறிது காலம் இலண்டனில் கட்டுமானப் பொறியியலாளர் ஒருவரிடம் பணியாற்றினார்.

மான்செஸ்டர்

1868 இல் ஓவன்ஸ் கல்லூரி புதிதாக ஏற்படுத்திய பொறியியல் பேராசிரியர் பதவிக்கு ரெனால்ட்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு அகவை 25. கல்லூரி அன்று மான்செஸ்டரின் கீ தெருவில், அரசியலாளர் ரிச்சர்டு காப்டன் முன்பு குடியிருந்த வீட்டில் இயங்கி வந்தது. ஆய்வுக்கூடம் என்று சொல்லத்தக்க வசதி எதுவும் இல்லாத அந்த ஆண்டுகளில் ரெனால்ட்ஸ் வால்மீன்களின் வால், சூரிய ஒளிவட்டம், ஒலி வளிமண்டலத்தில் வளைந்து செல்லுதல், மழைத்துளியால் கடலலை அடங்குதல் போன்ற பலவற்றையும் பற்றி எழுதினார். 1873 இல் கல்லூரி ஆக்ஸ்போர்டு சாலைக்கு இடம்பெயர்ந்தது. நல்ல பொறியியல் ஆய்வுக்கூடம் அமைய மேலும் பல ஆண்டுகள் ஆயின.

அவருடைய இல்வாழ்க்கை துயரத்துடன் தொடங்கியது. 1868 இல் சார்லட் சாட்விக் என்பவரை மணந்தார். மறு ஆண்டே மனைவி இறந்தார். அவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தையும் 1879 இல் இறந்தது. 1881 இல் ஆனி வில்கின்சன் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். இவர்களுக்கு மூன்று மகன்களும் ஒரு மகளும் பிறந்தனர்.

ஆசிரியர் என்ற முறையில் ரெனால்ட்ஸ் எளிதில் விளங்குபவராக இருக்கவில்லை. வகுப்பில் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அப்போது மனத்தில் ஓடும் சிக்கலைத் தொடர்ந்து சென்றுவிடும் பழக்கம் அவருக்கு இருந்தது. மின்னணுவைக் கண்டறிந்த ஜெ. ஜெ. தாம்சன் ஓவன்ஸ் கல்லூரியில் இவரிடம் பயின்றவர். பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் ரெனால்ட்ஸின் தனித்தன்மையைப் பற்றி அன்போடு பதிவு செய்துள்ளார். எந்தச் சிக்கலையும் பிறர் எழுதியதைப் படிக்கும் முன்னர்த் தாமே அடியிலிருந்து சிந்திப்பது ரெனால்ட்ஸின் வழக்கம். அவருடைய வலிமையும் அதுவே, அவருடைய கட்டுரைகள் படிப்பதற்குக் கடினமாக இருப்பதன் காரணமும் அதுவே.

கொதிகலனும் வெப்பமும்

1874 இல் மான்செஸ்டர் இலக்கிய மெய்யியல் கழகத்தில் ரெனால்ட்ஸ் நீராவிக் கொதிகலன்களின் வெப்பப் பரப்பைப் பற்றி ஒரு சிறு கட்டுரை படித்தார். கொதிகலனின் குழாய்களுக்குள் சூடான புகை செல்கிறது. அது எவ்வளவு வெப்பத்தைக் குழாய்ச் சுவருக்குக் கொடுக்கும் என்பது கேள்வி. புகையின் துகள்கள் குழாயின் நடுவிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து நடுவிற்கும் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கின்றன. அவ்வாறு சுவருக்கு வரும் துகள் தன் வெப்பத்தைக் கொடுப்பதுடன் தன் வேகத்தையும் அங்கே இழக்கிறது. ஆகவே வெப்பம் கைமாறுவதும் உராய்வினால் அழுத்தம் இழப்பதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்று அவர் கண்டார்.

இது இன்று ரெனால்ட்ஸ் ஒப்புமை எனப்படுகிறது. பாய்மத்தில் வெப்பமும் உந்தமும் ஒரே விரைவில் பரவினால்தான் இவ்வொப்புமை துல்லியமாகப் பொருந்தும். காற்றில் இவ்விரண்டும் அருகருகே இருப்பதால் ஓரளவு நன்றாகவே பொருந்துகிறது. அழுத்தத்தைச் செலவிடாமல் வெப்பத்தை வாங்க இயலாது என்பது இதிலிருந்து கிடைக்கும் செய்தி.

மாக்ஸ்வெல்லுடன் பிணக்கு

1870களில் வில்லியம் குரூக்ஸ் உருவாக்கிய கதிர்மானி அறிவியலாளர்களுக்குப் பெரும் புதிராக இருந்தது. வெற்றிடமாக்கப்பட்ட கண்ணாடிக் குமிழுக்குள் ஒளி பட்டவுடன் சுழலும் சிறு இறக்கைகளைக் கொண்ட கருவி அது. ஒளியின் அழுத்தம் அன்று, குமிழில் எஞ்சியுள்ள வளிமமே காரணம் என்று ரெனால்ட்ஸ் வாதிட்டார். அதன் தொடர்ச்சியாக, நுண்துளைத் தட்டின் இருபுறமும் வெப்பநிலை வேறுபட்டால் வளிமம் குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கத்துக்குச் செல்லும் என்பதை 1879 இல் சோதனையால் காட்டினார்.

அந்நீண்ட கட்டுரையை அரசக் கழகத்திற்காக மதிப்பிட்டவர்களுள் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லும் ஒருவர். மாக்ஸ்வெல் இதே பொருளைப் பற்றித் தாம் எழுதிய கட்டுரையில் கண்டுபிடிப்பின் பெருமையை ரெனால்ட்ஸுக்கே அளித்தார். ஆனால் அவருடைய கணித முறையைக் குறை கூறினார். மாக்ஸ்வெல்லின் கட்டுரை முதலில் அச்சேறியது. குறை கூறப்பட்ட கட்டுரையோ இன்னும் வெளிவரவில்லை. ரெனால்ட்ஸ் கழகத்துக்கு எதிர்ப்பைத் தெரிவித்தார். ஆயினும் 1879 நவம்பரில் மாக்ஸ்வெல் மறைந்துவிட்டமையால் வழக்கு அத்துடன் நின்றுபோயிற்று. மாக்ஸ்வெல்லின் முறையே பிற்கால வளர்ச்சிக்கு அடிப்படையாக அமைந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் ரெனால்ட்ஸின் மனக்குறைக்கும் நியாயம் உண்டு.

1883 ஆம் ஆண்டின் சோதனை

குழாயில் ஓடும் நீரின் தடையைப் பற்றி ரெனால்ட்ஸின் காலத்தில் இரு விதிகள் வழங்கின. ஜெர்மனியின் ஹாகனும் பிரான்சின் புவாசேயும் மிக மெல்லிய குழாய்களில் சோதித்து, தடை வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று கண்டிருந்தனர். பிரான்சின் டார்சி நகரக் குடிநீர்க் குழாய்கள் போன்ற பெரிய குழாய்களில் சோதித்து, தடை ஏறக்குறைய வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கக் கண்டார். இரண்டுமே கவனமாகச் செய்த சோதனைகள், இரண்டுமே உண்மை. ஒரே நீர் ஒரு குழாயில் ஒரு விதிக்கும் மற்றொரு குழாயில் வேறு விதிக்கும் ஏன் கட்டுப்படுகிறது என்பதற்கு ஒருவரிடமும் விடை இல்லை. நீரகப் பொறியியல் முழுவதும் இவ்விடைவெளியின் மேல் நின்றுகொண்டிருந்தது.

ரெனால்ட்ஸ் நீரின் உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க முற்பட்டார். 6 அடி நீளமும் 18 அங்குல அகலமும் 18 அங்குல ஆழமும் உள்ள, கண்ணாடிப் பக்கங்களைக் கொண்ட தொட்டி ஒன்றை அமைத்தார். அதனுள் ஒரு கண்ணாடிக் குழாயைக் கிடையாக வைத்தார். நீர் அலைவின்றி உள்ளே நுழையும்படி குழாயின் வாய் நாதசுரத்தின் வாய்போல் விரிந்திருந்தது. 1 அங்குலம், அரை அங்குலம், கால் அங்குலம் என மூன்று விட்டங்களில் குழாய்களைப் பயன்படுத்தினார். நுழைவாயில் ஓர் இழை போலச் சாய நீரைச் செலுத்தினார்.

வேகம் குறைவாக இருந்தபோது சாயம் குழாயின் மறுமுனை வரை அசையாத நேர்க்கோடாகச் சென்றது. வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். ஒரு கட்டத்தில், நுழைவாயிலிருந்து சற்றுத் தொலைவில், கோடு திடீரென்று கலைந்து குழாய் முழுவதும் சாயமாகப் பரவியது. மின்பொறி ஒளியில் நோக்கியபோது அந்தக் கலங்கல் உண்மையில் தெளிவான சுழல்களின் திரள் என்பது தெரிந்தது. முதல் வகையை வரிச்சீர் ஓட்டம் என்றும் இரண்டாம் வகையைக் கொந்தளிப்பு ஓட்டம் என்றும் இன்று குறிப்பிடுகிறோம்.

சுழல்களைக் கண்டதைக் காட்டிலும் பெரிது, எது எல்லையை முடிவு செய்கிறது என்று கண்டதாகும். வேகம் மட்டும் அன்று. விட்டம் மட்டும் அன்று. வேகத்தையும் விட்டத்தையும் அடர்த்தியையும் பெருக்கி அதனைப் பாகுநிலையால் வகுத்தால் கிடைக்கும் அலகற்ற எண்ணே எல்லையை முடிவு செய்கிறது. நீரின் வெப்பநிலையை மாற்றினால் அதன் பாகுநிலை மாறும் என்பதைக் கொண்டு இதனைச் சரிபார்த்தார். இவ்வெண் சுமார் 2000க்குக் கீழே இருந்தால் எவ்வளவு கலக்கினாலும் கொந்தளிப்பு நிலைக்காமல் அடங்கிவிடும். மேலே இருந்தால் சிறு அதிர்வும் கொந்தளிப்பாக வளரக்கூடும். மிகக் கவனமாக அதிர்வைத் தவிர்த்தால் 12,000ஐத் தாண்டியும் நேர்க்கோட்டைக் காக்க முடியும் என்பதையும் அவர் கண்டார். அதே கருவியைக் கொண்டு மான்செஸ்டரில் பின்னாளில் சோதித்தபோது சாலைப் போக்குவரத்தின் அதிர்வினால் அந்த அளவை எட்ட இயலவில்லை என்பது சுவையான செய்தி.

அடுத்து ஈயக் குழாய்களில் அழுத்த இழப்பை அளந்தார். எல்லைக்குக் கீழே தடை வேகத்தின் முதல் மடியாகவும், மேலே வேகத்தின் சுமார் 1.72 ஆம் மடியாகவும் இருக்கக் கண்டார். ஹாகன், புவாசே ஆகியோரின் சோதனைகள் எல்லைக்குக் கீழேயும் டார்சியின் சோதனைகள் மேலேயும் அமைந்திருந்தன. கரடுமுரடான குழாய்களில் மடி 2ஐ நெருங்கும். இவ்வாறு அரை நூற்றாண்டுக் குழப்பம் ஒரே வரைபடத்தில் தீர்ந்தது.

இக்கட்டுரையை மதிப்பிட்ட ஸ்டோக்ஸ், ரேலி ஆகிய இருவரும் இதனை உடனே ஏற்றனர். இதே அலகற்ற கூட்டு 1851 இல் ஸ்டோக்ஸின் ஆய்விலேயே தோன்றியிருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. ரெனால்ட்ஸ் எண் என்னும் பெயரை 1908 இல் ஆர்னால்டு சோமர்பெல்டு சூட்டினார்.

உயவும் தாங்கியும்

இங்கிலாந்தின் இயந்திரப் பொறியியலாளர் நிறுவனத்துக்காகப் பியூசாம்ப் டவர் என்பவர் தொடர்வண்டி அச்சுத் தாங்கிகளைச் சோதித்தார். தாங்கியின் மேற்புறத்தில் எண்ணெய் ஊற்றத் துளையிட்டபோது எண்ணெய் உள்ளே போவதற்கு மாறாக மேலே பீறிட்டு வந்தது. மரக்கட்டையால் அடைத்தார், கட்டை வெளியே தள்ளப்பட்டது. 1886 இல் ரெனால்ட்ஸ் இதற்கு விளக்கம் அளித்தார். சுழலும் அச்சு எண்ணெயை ஒடுங்கிச் செல்லும் இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது. பாகுநிலையினால் அங்கே அழுத்தம் உயர்ந்து, அச்சையே தூக்கி நிறுத்துகிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. இதற்கு அவர் வரைந்த சமன்பாடு இன்றும் தாங்கி வடிவமைப்பின் அடிப்படையாக உள்ளது. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் டர்போசார்ஜரின் தண்டு பெரும்பாலும் இத்தகைய எண்ணெய்ப் படலத்தின் மீதே மிதக்கிறது. சற்று நேரம் எண்ணெய் வரத்து நின்றால் டர்போ கெடுவது இதனாலேயே.

1895 ஆம் ஆண்டின் கட்டுரை

கொந்தளிப்பு ஓட்டத்தின் ஒவ்வொரு சுழலையும் பின்தொடர இயலாது. ஆகவே வேகத்தைச் சராசரி என்றும் ஏற்ற இறக்கம் என்றும் பிரித்து எழுதலாம் என்று ரெனால்ட்ஸ் முன்மொழிந்தார். அவ்வாறு பிரித்ததும், ஏற்ற இறக்கங்கள் சராசரி ஓட்டத்தின் மீது ஒரு கூடுதல் தகைவைச் செலுத்துவது சமன்பாட்டிலேயே வெளிப்பட்டது. இது ரெனால்ட்ஸ் தகைவு எனப்படுகிறது. மதிப்பிட்டவர்கள் ஸ்டோக்ஸும், மான்செஸ்டரில் இவருடன் பணியாற்றிய ஹோரேஸ் லாம்பும் ஆவர். இருவருமே கட்டுரையை விளங்கிக்கொள்ளத் திணறினர். ஆசிரியரின் தகுதியைக் கருதியே அது வெளியிடப்பட்டது எனலாம். இன்று வானூர்தி, மகிழுந்து ஆகியவற்றைச் சுற்றியுள்ள காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் மென்பொருள்களில் பெரும்பாலானவை இச்சராசரிச் சமன்பாடுகளையே தீர்க்கின்றன.

பிற பணிகள்

1875 இல் பல படிகள் கொண்ட சுழலிக்கும் எக்கிக்கும் காப்புரிமை பெற்றார். சுழலும் சக்கரத்தைச் சுற்றி நிலையான வழிகாட்டி இதழ்களை அமைத்து நீரின் வேகத்தை அழுத்தமாக மாற்றும் முறை அதில் இருந்தது. டர்போசார்ஜர் அழுத்தியின் விரிவிப்பான் செய்வதும் இவ்வேலையையே. குறுகிய துளை வழியே பாயும் வளிமம் ஒலியின் வேகத்தை அடைந்த பின், வெளியழுத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் பாய்வு கூடாது என்பதை 1880களின் நடுவில் விளக்கினார். மெர்சி ஆற்றின் கழிமுகத்தைச் சிறு மாதிரியாக அமைத்து, ஓதங்களைச் செயற்கையாக உண்டாக்கி, மணல் மேடுகள் தோன்றும் விதத்தை ஆராய்ந்தார். நெருக்கமாக அடுக்கிய மணலை உருமாற்றினால் அதன் பருமன் கூடும் என்பதை 1885 இல் காட்டினார். ஈரக் கடற்கரை மணலில் கால் வைத்தவுடன் சுற்றிலும் உலர்ந்தாற்போல் வெளுப்பது இதனால்தான். 1897 இல் மூர்பி என்பவருடன் இணைந்து வெப்பத்தின் எந்திர சமானத்தை அளந்தார்.

அரசக் கழகத்தின் உறுப்பினராக 1877 இலும், அதன் அரசப் பதக்கத்துக்கு 1888 இலும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இறுதிக் காலம்

வாழ்வின் கடைசிக் கட்டத்தில் ரெனால்ட்ஸ் அண்டம் முழுவதும் மணல் போன்ற நுண்மணிகளால் நிரம்பியது என்ற கொள்கையில் ஆழ்ந்தார். மணல் பற்றிய தம் கண்டுபிடிப்பைக் கொண்டு ஈர்ப்பு விசை உள்ளிட்ட அனைத்தையும் விளக்க முயன்று 1903 இல் அண்டத்தின் உள்ளியக்கவியல் என்னும் பொருளில் நூல் வெளியிட்டார். இக்கொள்கையை எவரும் பின்தொடரவில்லை. அதற்குள் அவருடைய உடல்நலமும் மனநலமும் குன்றியிருந்தன. தாமே முதன்மையானதாகக் கருதிய நூலை அறிவுலகம் ஒதுக்கிவிட்டு, குழாயும் சாயமும் கொண்டு செய்த வேலையைப் போற்றியது. 1905 இல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். சாமர்செட் மாவட்டத்தின் வாட்செட் என்னும் கடலோர ஊரில் 1912 இல் காலமானார்.

சுவிட்சர்லாந்தின் ஆல்பிரெட் பியூக்கி, வெளியேறும் புகையைக் கொண்டு காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டும் முறைக்கு ஜெர்மனியில் காப்புரிமை கோரியதும் அதே 1905 ஆம் ஆண்டிலாகும். டர்போசார்ஜரின் தொடக்கம் அது.

இன்டர்கூலர் குழாயின் விட்டமும் ரெனால்ட்ஸும்

டர்போசார்ஜர் காற்றை அழுத்தும்போது காற்று சூடாகிறது. 30 பாகை செல்சியசில் உள்ள காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டு சென்றால் வெப்பநிலை சுமார் 120 பாகையைத் தொடும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. எஞ்சினில் அகால வெடிப்பையும் தூண்டும். ஆகவே அதனை இன்டர்கூலர் வழியே செலுத்திக் குளிர்விக்கின்றனர். டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரை உள்ளது சூடான பக்கக் குழாய், அங்கிருந்து எஞ்சின் வரை உள்ளது குளிர்ந்த பக்கக் குழாய். இவற்றின் விட்டம் என்னவாக இருக்க வேண்டும் என்பதில் ஆர்வலர்களிடையே ஓயாத கருத்து வேறுபாடு உண்டு. பெரிதாக இருந்தால் காற்று தாராளமாகச் செல்லும் என்பார் ஒரு சாரார். பெரிய குழாயை நிரப்ப நேரம் ஆவதால் எஞ்சின் மந்தமாக எழும் என்பார் மறு சாரார்.

2 லிட்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6000 சுற்றில், வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 1 பார் ஊட்டத்தில் இயங்குவதாகக் கொள்வோம். உருளைகள் 90 விழுக்காடு நிரம்புகின்றன, குளிர்ந்த காற்றின் வெப்பநிலை 50 பாகை எனில், நொடிக்கு 90 லிட்டர், அதாவது ஏறக்குறைய 0.19 கிலோகிராம் காற்று செல்லும். உள்விட்டம் 50 மி.மீ. எனில் காற்றின் வேகம் நொடிக்குச் சுமார் 46 மீட்டர், 63 மி.மீ. எனில் 29 மீட்டர், 76 மி.மீ. எனில் 20 மீட்டர்.

63 மி.மீ. குழாயில் இவ்வோட்டத்தின் ரெனால்ட்ஸ் எண் சுமார் 2 இலட்சம். எல்லையைப் போல் 100 மடங்கு. எஞ்சின் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும்போதும் அது சில ஆயிரங்களுக்குக் குறையாது. ஆகவே விட்டத்தை மாற்றி இக்குழாயின் ஓட்டத்தைச் சீராக்கிவிடலாம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை. குழாய் எப்பொழுதும் கொந்தளிப்பிலேயே இயங்கும். பெரிய விட்டம் குறைப்பது வேகத்தை மட்டுமே.

ஆனால் அந்தக் குறைவின் பயன் சிறிதன்று. ரெனால்ட்ஸ் கண்ட 1.72 என்னும் மடியைக் கொண்டு கணக்கிட்டால், ஒரே அளவு காற்றுக்கு உராய்வு இழப்பு விட்டத்தின் 4.72 ஆம் மடிக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். விட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் இழப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகும். 2 மீட்டர் நீளமும் நான்கு மென்மையான செங்கோண வளைவுகளும் கொண்ட வழுவழுப்பான குழாய்க்கு மேற்கண்ட ஓட்டத்தில் மொத்த இழப்பு 50 மி.மீ. விட்டத்தில் சுமார் 3.6 கிலோபாஸ்கல், 63 மி.மீ. விட்டத்தில் 1.4, 76 மி.மீ. விட்டத்தில் 0.6 எனக் கணக்கில் கிடைக்கிறது. 50இலிருந்து 63க்கு மாறினால் 2 கிலோபாஸ்கலுக்கு மேல் மிச்சம். 63இலிருந்து 76க்கு மாறினால் அதில் பாதிகூட இல்லை. குழாயில் உள்ள மொத்த அழுத்தமோ 200 கிலோபாஸ்கல். இத்தகைய எஞ்சினுக்கு 76 மி.மீ. குழாய் தேவையற்றது என்பதே சரியான முடிவாகத் தோன்றுகிறது. மும்மடங்கு ஆற்றல் தரும் பந்தய எஞ்சினுக்கு இம்முடிவு பொருந்தாது. காற்று மும்மடங்கானால் இழப்பு எட்டு மடங்கு அளவுக்கு உயர்ந்துவிடும்.

பெரிய குழாய்க்கு மற்றோர் இடையூறும் உண்டு. டர்போவின் வெளிவாய் 50 மி.மீ. ஆக இருந்து, அதில் 76 மி.மீ. குழாயைத் திடீரென்று மாட்டினால், விரியும் இடத்தில் காற்று சுழன்று சுமார் 0.9 கிலோபாஸ்கலை இழக்கும். பெரிய விட்டத்தால் பெற்ற இலாபம் அந்த ஒரு மூட்டிலேயே தொலைந்துவிடுகிறது. 7 முதல் 10 பாகை மொத்தக் கோணத்தில் மெல்ல விரியும் கூம்பு வைத்தால் இவ்விழப்பின் பெரும்பகுதி மீளும். சிறிய மகிழுந்தின் முன்பகுதியில் அவ்வளவு நீளத்துக்கு இடம் கிடைப்பது அரிது.

நிரப்பும் நேரத்தைப் பொறுத்தவரை, 2 மீட்டர் நீளத்தில் 63 மி.மீ. குழாயின் கொள்ளளவு 6.2 லிட்டர், 76 மி.மீ. குழாயின் கொள்ளளவு 9.1 லிட்டர். வேறுபாடு 2.9 லிட்டர். இதனை ஒரு பார் உயர்த்த 2.9 லிட்டர் வளிமண்டலக் காற்று கூடுதலாக வேண்டும். 2500 சுற்றில் இந்த எஞ்சின் நொடியின் நூற்றில் ஏழு பங்கு நேரத்தில் உறிஞ்சும் அளவு அது. எஞ்சின் உறிஞ்சியது போக மிஞ்சுவதே குழாயை நிரப்பும் என்பதால் உண்மையில் இதைவிடச் சில மடங்கு நேரம் ஆகும். எனினும் மந்தத்துக்குப் பெரும் காரணம் டர்போவின் சுழலும் பாகங்களின் நிலைமமே அன்றிக் குழாயின் விட்டம் அன்று.

சூடான பக்கத்தில் அதே காற்று ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூடுதல் இடத்தை அடைக்கும்; வேகமும் இழப்பும் அவ்வளவு கூடும். இயற்பியலின்படி சூடான பக்கம் பெரிதாகவும் குளிர்ந்த பக்கம் சிறிதாகவும் இருத்தல் வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே அமைக்கின்றனர். டர்போவின் வெளிவாய் சிறிது, எஞ்சினின் திராட்டில் வாய் பெரிது என்பதே காரணம்; இரு முனைகளையும் திடீர் மாற்றமின்றி இணைப்பது விட்டக் கணக்கை வென்றுவிடுகிறது.

இன்டர்கூலரின் உள்ளே நிலைமை வேறு. அங்கே காற்று இரண்டு மூன்று மி.மீ. அளவுள்ள நூற்றுக்கணக்கான ஒடுங்கிய வழிகளாகப் பிரிகிறது. ரெனால்ட்ஸ் எண் முழு வேகத்தில் சில ஆயிரங்களுக்கு இறங்குகிறது. பாதி வேகத்தில் எல்லைக்குக் கீழும் செல்லக்கூடும். 1883 ஆம் ஆண்டின் எல்லை உண்மையிலேயே குறுக்கிடும் இடம் குழாய் அன்று, இதுவே. ஓட்டம் வரிச்சீராகிவிட்டால் நடுவிலுள்ள சூடான காற்று சுவரைத் தொடாமலே கடந்துவிடும். அதனால்தான் உள்ளே இடைவிட்டு வெட்டிய தகட்டு இதழ்களை வைத்து ஓட்டத்தைக் கலைக்கின்றனர். 1874 ஆம் ஆண்டின் ஒப்புமைப்படி அதற்கு விலையாக அழுத்தம் இழக்கப்படுகிறது. அழுத்தத்தை இன்டர்கூலரில் இழந்தால் குளிர்ச்சியாவது கிடைக்கும். குழாயில் இழந்தால் கிடைப்பது சொற்பமே. எனவே மொத்த இழப்பு மிகுதியாக இருக்கும் வண்டியில், டர்போவின் வெளிவாயிலும் இன்டர்கூலரின் இரு முனைகளிலும் எஞ்சினின் உள்வாயிலும் அழுத்தத்தைத் தனித்தனியே அளந்து, இழப்பு எப்பகுதியில் உள்ளது என்று அறிந்த பின்னரே குழாயை மாற்றுவது முறை.